காலுக்குக் கீழே என்ன கல்?

மண் பரிசோதனைக்கு அரை அடி ஆழத்து மண்ணை வாரிக்கொண்டு போகிறோம். அந்த மண் எந்தக் கல்லில் இருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. சுண்ணாம்பு, பாறைத்தூள் என்று காசு செலவழிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

இதற்குப் புத்தகம் தேட வேண்டாம். பக்கத்தில் புதிதாக வெட்டிய கிணறு இருந்தால் போய் எட்டிப் பாருங்கள். வங்கியில் இருந்த காலத்தில் கிணற்றுக் கடனுக்கு ஆழம் அளக்கப் போய்ப் போய்த்தான் எனக்கும் பாறை பார்க்கிற பழக்கம் வந்தது. கொங்குப் பக்கம் என்றால் மேலே இரண்டு மூன்று அடி செம்மண். அதற்குக் கீழே சரளை. அப்புறம், பாறையின் வரி அப்படியே தெரியும், ஆனால் கையால் பிசைந்தால் உதிர்ந்துவிடும், அப்படி ஓர் அடுக்கு. அதற்கும் கீழே வெடி வைத்தால்தான் பெயரும் கெட்டிப் பாறை. இது நாலும் வேற வேற பொருள் இல்லீங்க. ஒரே கல்தான் நாலு பருவத்துல நிக்குது.

கெட்டிப் பாறை எப்படி வந்தது? பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறினால் கிரானைட். நிதானமாக ஆறியதால்தான் அதில் கனிமங்கள் மணி மணியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. எரிமலைக் குழம்பாக வெளியே கொட்டிச் சட்டென்று ஆறிய கல்லில் மணி தெரியாது. மகாராஷ்டிரத்தின் கறுப்புப் பசால்ட் அப்படி வந்தது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் பாறைகள் பலவும் கிரானைட்டாகவே நின்றுவிடவில்லை. மறுபடி ஆழத்தில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் முழுசாக உருகாமலே உருமாறி, வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை விழுந்துவிட்டன. இதற்கு நைஸ் என்று பெயர். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நீலகிரி, சேர்வராயன் மலைகளின் சார்னோகைட்டும் இதே உருமாறிய குடும்பம்தான்.

அரியலூர் கதை வேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். சிப்பியும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பூமி அது. சிமென்ட் ஆலைகள் அங்கே போய்க் குவிந்ததும் அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்காகத்தான்.

இனி நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவோம். கிரானைட்டிலும் நைஸிலும் முக்கியமாக மூன்று சரக்கு. ஒன்று வெங்கச்சங்கல். இது லேசில் கரையாது, மணலாகவே கிடக்கும். அடுத்தது, வெளிர் சிவப்பாகவோ பால் வெள்ளையாகவோ இருக்கும் ஃபெல்ட்ஸ்பார். இது மட்கினால் களிமண்ணாகும். மூன்றாவது, மினுமினுக்கும் காக்காப்பொன். சாம்பல் சத்து ஃபெல்ட்ஸ்பாரிலும் காக்காப்பொன்னிலும்தான் இருக்கிறது. ஆனால் அது நீண்டகால வைப்புத்தொகை மாதிரி. இருப்பு இருக்கும், நினைத்தபோது எடுக்க முடியாது. காக்காப்பொன் கொஞ்சம் சீக்கிரம் தரும், ஃபெல்ட்ஸ்பார் இழுத்தடிக்கும்.

வெயிலும் பனியும் பாறையில் விரிசல் விடும். கரைப்பது தண்ணீரில் சேரும் கரியமில வாயு. வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கூடவே வேரும் பூஞ்சையும் மெல்லிய அமிலங்களைச் சுரக்கின்றன. மட்கு உள்ள நிலத்தில் இந்த வேலை ஓயாமல் நடக்கும். மட்கு இல்லாத நிலத்தில் சத்து கல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கரைந்து வருவதெல்லாம் பயிருக்குப் போவதில்லை. மழை குறைந்த நம் காடுகளில் கல்லில் இருந்து வந்த சுண்ணாம்புச் சத்து வடிந்து ஓடாமல் கீழேயே தங்கி மறுபடி கல்லாகிறது. சுக்கான்கல் என்கிறோமே, அதுதான். கல் கரைந்து புதுக் கல் பிறப்பது உங்கள் காட்டிலேயே நடக்கிறது! சுக்கான் பூமியில் இரும்பும் துத்தநாகமும் கட்டுண்டு போவதால் பயிர் வெளிறும். சந்தேகம் இருந்தால் கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த நிலத்துக்கு மேலும் சுண்ணாம்பு வேண்டாம்; தக்கைப்பூண்டை மடக்கி உழுவது உதவும்.

மழை கொட்டும் இடத்தில் நேர் எதிர். சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் அடித்துப் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். நீலகிரி மண் புளிப்பாக இருப்பது அதனால்தான். அங்கே சுண்ணாம்பு போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இன்னும் முற்றினால் செம்புரைக்கல். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் அந்தக் கல்லுக்கு மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில் பார்த்து, 1807இல் லேட்டரைட் என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன்.

இப்போது பாறைத்தூள் மூட்டையோடு வருகிறவர்களிடம் வருவோம். எந்தப் பாறை என்று முதலில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள். பசால்ட் தூள் ஓரளவு சீக்கிரம் மட்கும். கிரானைட் தூளில் கணிசமான பங்கு வெங்கச்சங்கல் பொடி, அதாவது மணல். மணலுக்கா மூட்டைக் காசு? சுண்ணாம்புக்கல் தூள் சுக்கான் காட்டுக்கு ஆகவே ஆகாது. வினிகர் சோதனையை மூட்டையிலேயே செய்து பார்த்துவிடலாம். தூள் எவ்வளவுக்கு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. அதையும் நேராகக் காட்டில் தூவாமல், சாணத்தோடு கலந்து எருக்குழியில் போட்டு, எரு மட்கிய பிறகு எடுத்து இறையுங்கள்.