ஹெராக்ளியுசின் பாரசீகப் போரும் ஒரே சித்தக் கொள்கையும்

தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளை நாடிச் செல்லும் வாகனங்கள் மலிந்த பகுதியில், மணிமங்கலம் என்னும் பழைய ஊர் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் இதுவும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறுகிறது. 642ஆம் ஆண்டளவில் வாதாபியும் வீழ்ந்தது. இந்திய அரசன் ஒருவன் பாரசீக மன்னன் இரண்டாம் குஸ்ருவுக்குத் தூதும் பரிசில்களும் அனுப்பியதாக அரபு வரலாற்றாசிரியர் தபரி எழுதியுள்ளார். அவ்வரசன் புலிகேசியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்ஙனமாயின், மணிமங்கலத்தில் தோற்றவனின் தூதர் சென்றடைந்த நாடு, உரோமப் பேரரசன் ஹெராக்ளியுசோடு வாழ்வா சாவா எனப் பொருதுகொண்டிருந்த நாடாகும்.

நம் திருச்சபை வரலாற்று வகுப்புகளில் இப்போர், திருச்சிலுவை மீட்கப்பட்ட கதையாக இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுகிறது. கிறிஸ்துவியலைப் பயில்வோருக்கு அது போதாது.

602இல் பேரரசன் மவுரிக்கியு கொலையுண்டான். அவன் உதவியால் அரியணையை மீளப்பெற்றிருந்த குஸ்ரு, பழிவாங்குவதாகக் கூறிப் படையெடுத்தான். 613இல் தமஸ்கு, 614இல் எருசலேம், 619இல் அலெக்சந்திரியா என ஒவ்வொன்றாக வீழ்ந்தன. சிலுவை பாரசீகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. கருவூலம் வறண்டபோது, கான்ஸ்டாண்டிநோபிளின் மறைமுதல்வர் செர்கியு ஆலயங்களின் வெள்ளிக் கலங்களை உருக்கி நாணயமாக்கக் கடனாகக் கொடுத்தார். 622இல் ஹெராக்ளியுஸ் போருக்குப் புறப்பட்டான். களத்தில் மடிவோர் இரத்தசாட்சிகளின் முடியைப் பெறுவர் என அவன் வீரர்களுக்கு உரைத்ததாகத் தெயோபானு எழுதுகிறார். எருசலேமின் அழிவுக்கு ஈடாகப் பாரசீகரின் அக்கினி ஆலயம் ஒன்று தகர்க்கப்பட்டது. 626இல் பாரசீகப் படை, 451ஆம் ஆண்டுப் பேரவை கூடிய அதே கல்சதோனிலேயே பாளயமிறங்கி, எதிர்க்கரையிலிருந்த தலைநகரை அச்சுறுத்தியது. 627 டிசம்பரில் நினிவேக்கு அருகே ஹெராக்ளியுஸ் வென்றான். மறு ஆண்டில் குஸ்ரு தன் மகனாலேயே வீழ்த்தப்பட்டான். 630இல் சிலுவை எருசலேமுக்குத் திரும்பியது.

இது கிறிஸ்தவருக்கும் அக்கினி வழிபாட்டினருக்கும் நடந்த போர் என எளிதாகக் கூறிவிடலாகாது. குஸ்ருவின் அரசி ஷிரீன் கிறிஸ்தவள். அவனுடைய வருவாய்த் துறைத் தலைவர் யஸ்தீனும் கிறிஸ்தவரே. எனினும் கிழக்குத் திருச்சபை தன் தலைமைப் பேராயரைத் தெரிந்தெடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவன் இடங்கொடுக்கவில்லை. அக்காலத்தில் மடங்களைக் கண்காணித்துத் திருச்சபையைக் காத்தவர் மகா பாபாய் என்னும் துறவி. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு ஆயர்களை அனுப்பியதும் இத்திருச்சபையே. பறங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட சிலுவைக் கல்லில் பாரசீகத்தின் பகலவி எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதை மாணாக்கர் நேரில் காணலாம்.

வென்ற பின்னரே ஹெராக்ளியுசுக்கு உண்மையான இடர் எழுந்தது. மீட்கப்பட்ட எகிப்திலும் சிரியாவிலும் பெருந்தொகையினர் கல்சதோன் பேரவையை ஏற்காதவர்கள். வாளால் மீட்ட மாநிலங்களை இணக்கத்தாலன்றி நிலைநிறுத்த இயலாது என அவன் கண்டான். இரு தன்மைகள் உண்டென ஒப்புக்கொண்டே, கிறிஸ்துவின் செயலாற்றல் ஒன்றே எனக் கூறினால் இருசாராரும் இணைவர் எனச் செர்கியு கருதினார். 633இல் அலெக்சந்திரியாவில் இவ்வடிப்படையில் ஓர் உடன்படிக்கையும் ஏற்பட்டது. பின்னாளில் எருசலேமின் மறைமுதல்வரான சொப்ரோனியு அதனை உடனே எதிர்த்தார். எதிர்ப்பு வலுக்கவே, 638இல் வெளியான அரசாணை, செயலாற்றல் பற்றிய விவாதத்தைத் தடுத்து, கிறிஸ்துவுக்குச் சித்தம் ஒன்றே என அறிக்கையிட்டது.

சமாதானத்துக்காக ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் என்ன எனச் சிலர் வினவக்கூடும். ஆனால் அச்சொல்லோடு கெத்செமனேயும் போய்விடும். லூக்கா 22:42இல் இயேசு பிதாவின் சித்தத்திலிருந்து தம் சித்தத்தைப் பிரித்துக் கூறி, அதனைக் கீழ்ப்படுத்துகிறார். அவருக்கு மனித சித்தம் இல்லையெனில் அந்த ஜெபம் வெறும் நடிப்பாகும். நம் சித்தம் மீட்கப்பட வழியுமில்லை. துறவி மாக்சிமு இதனை விடாது வலியுறுத்தினார். 662இல் அவருடைய நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. அவ்வாண்டே நாடுகடத்தப்பட்ட இடத்தில் உயிர்நீத்தார்.

680–681இல் கூடிய ஆறாம் பொதுப் பேரவை கிறிஸ்துவுக்கு இரு சித்தங்கள் உண்டென அறிக்கையிட்டது. எந்த மாநிலங்களைக் காக்க அக்கொள்கை வகுக்கப்பட்டதோ அவை அரேபியர் கைக்குப் போய் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலயக் கலங்களைத் தந்த செர்கியுவும், அவருக்கு இணங்கிய உரோமை ஆயர் ஒனோரியுவும் சபிக்கப்பட்டோர் வரிசையில் வைக்கப்பட்டனர். பேரரசன் ஹெராக்ளியுசின் பெயர் அவ்வரிசையில் இல்லை.