விரித்த சீட்டும் இஸ்திகாராவும்

மண்ணூர்பேட்டையில், வேலையை விடுவதா தொடர்வதா எனத் தவிக்கும் இளைஞர் ஒருவர் டாரட் சீட்டின் முன் அமர்வதாகக் கொள்வோம். 78 சீட்டுகளைக் கலைத்து மூன்றை விரிப்பர்: கடந்தது, நிகழ்வது, வரப்போவது. விழுந்த இடமே சீட்டுக்குப் பொருள் தருகிறது. எஞ்சியதைக் கேட்பவரின் கவலையே நிரப்பிவிடுகிறது.

இச்சீட்டுகள் குறிசொல்லப் பிறந்தவையல்ல. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் கொண்ட மம்லூக்கியர் சீட்டுகள் (இஸ்தான்பூல் தோப்காபி அரண்மனையில் ஒரு கட்டு உள்ளது) ஐரோப்பியச் சீட்டுகளுக்கு முன்னோடி. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் வெறும் விளையாட்டே. குறிசொல்லல் 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான் பரவியது.

அம்புகளால் குறிகேட்பதை அல்மாயிதா அத்தியாயம் விலக்குகிறது. இஸ்திகாரா அதற்கு மாற்றுக் குறியன்று. இரண்டு ரக்அத் தொழுது, நன்மையெனில் எளிதாக்கவும் தீமையெனில் அகற்றவும் இறைஞ்சுவதே அது. அதன்பின் கனவுக்காகக் காத்திருப்போர் அதனையும் சீட்டாக்கிவிடுகின்றனர்.