கூண்டுக்கு வெளியே – 11: ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்

சென்ற வாரம், கறுப்பி என்ற நாய் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்து, நாங்கள் அந்தப் பக்கம் போனதும் துப்பிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். மருந்து வேளையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகவும் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சனிக்கிழமை காலை நாய்க் காப்பகத்தில் ஓர் அளவுநாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதிலிருந்து மனம் அந்த நாடாவிலேயே நிற்கிறது. அதைச் சொல்லி முடித்தால்தான் மருந்துக்கு வர முடியும்.

தேக்காவிலிருந்து அங்கே போகும் வழி பழைய வாசகர்களுக்குத் தெரியும். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி புக்கிட் பாஞ்சாங், அங்கிருந்து எல்ஆர்டியில் சுவா சூ காங், பிறகு சுங்கை தெங்கா. பாசிர் ரிஸ், சிலேத்தார் பக்கம் பண்ணை நிலங்களில் இருந்த காப்பகங்கள் பலவும் குத்தகை முடிந்து இங்கேதான் வந்து சேர்ந்தன. தெங்கா விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. போர் விமானம் எழும்பும்போது புதிதாக வந்த நாய்கள் மூலையில் ஒடுங்கும். பழைய நாய்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட எடுப்பதில்லை.

காலை வேலை எப்போதும்போல நடந்தது. கூண்டைக் கழுவி, தண்ணீரை வழித்துத் தள்ளி, ஒத்துப்போகாத நாய்கள் ஒன்றையொன்று பார்த்துவிடாதபடி முறைவைத்து வெளியே விட்டோம். பத்து மணிக்கு ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது: அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகள். எங்கள் நாய் சின்னியைப் பார்க்க அவர்கள் வருவது அது நான்காவது முறை. முதல் முறை வந்தபோது அம்மா வாசலைத் தாண்டவில்லை. திருச்சியில் வளர்ந்தவர், தெருநாய் என்றால் நாய்க்கடி ஊசிதான் அவருக்கு நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை என்று சொன்னேன். அதைக் கேட்டு அவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. மூன்றாவது வருகையில் சின்னி அவர் செருப்பின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாறினார்.

அவர்களுடையது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு. ஆகவே நாயின் உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நாயின் உயரம் என்றால் தலை உச்சிவரை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும். மாட்டுக்குத் திமில் இருக்கும் இடம். தரையிலிருந்து அந்த மேடுவரைதான் கணக்கு. தலை மேலும் கீழும் போகும். பயந்தால் தாழும், பிஸ்கட்டைக் கண்டால் நிமிரும். நாய் நேராக நின்றால் அந்த மேடு அசையாது.

குதிரையையும் அதே இடத்தில்தான் அளக்கிறார்கள் என்று இந்த வாரம் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? நான் குடியிருப்பது ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில். மீன்தலைக் கறிக்குப் பேர்போன தெரு என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். அந்தப் பெயர் வரக் காரணம் ஃபேரர் பார்க் திடல். 1843-இல் முதல் பந்தயம் நடந்து, 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைகள் ஓடிய மண் அது. புக்கிட் தீமாவிலிருந்து பந்தயம் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு அங்கேயும் முடிந்துவிட்டது. குதிரைக்காரர்களின் அளவுக்குப் பெயர் ‘கை’. ஒரு கை என்பது நான்கு அங்குலம். அந்தக் கணக்கில் 55 சென்டிமீட்டர் ஐந்தரைக் கைக்கும் சற்றுக் குறைவு. வீட்டைவிட்டு இறங்கி அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் இப்போது இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

ஏன் 55? இந்த நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் பட்டியலில் உள்ள 62 சிறிய வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். காப்பகங்களில் இருப்பவையோ பெரும்பாலும் கலப்பு இனம். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று நாங்கள் பெருமையோடு சொல்லும் மண்ணின் நாய்கள். அவற்றுக்காக 2012-இல் ‘புராஜெக்ட் அடோர்’ வந்தது. கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், பயிற்சி என்ற நிபந்தனைகளோடு வீவக வீட்டுக்குள் போகலாம். உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் எடை வரம்பை நீக்கி, உயரத்தை 55 ஆக்கினார்கள்.

அந்த ஐந்து சென்டிமீட்டரின் மதிப்பை மணியை வைத்துத்தான் அறிந்தேன். துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் பிறந்தவன். நம் ஊர்த் தொழிலாளர்கள் சோறு வைத்து வளர்த்து, மணி என்று பெயரும் வைத்தார்கள். கட்டடம் முடிந்து, ஆட்கள் வேறு தளத்துக்குப் போனபோது காப்பகத்துக்கு வந்தான். காப்பகத்தை நடத்தும் சீன ஆன்ட்டி, அது காசைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தார். நம் ஊரில் தெருவுக்கு நான்கு மணி உண்டு என்று சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. மணிக்கு 53 சென்டிமீட்டர், 19 கிலோ. 2013-இல் வந்தவன். அவனைக் கேட்டு வந்த வீவக குடும்பங்களை ஏழு ஆண்டுகள் திருப்பி அனுப்பினோம். விதி மாறிய மறு ஆண்டு தோ பாயோவில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி அழைத்துப்போனார்கள். முகம் முழுக்க நரைத்திருந்தது. மூன்று ஆண்டுகள் அவர்கள் வீட்டுச் சோபாவில் தூங்கினான். அங்கேயே இறந்தான்.

கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பிறக்கும் குட்டிகளைக் குறைக்க 2018 நவம்பரில்தான் நாடளாவிய கருத்தடைத் திட்டம் தொடங்கியது. பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடுவது, முடியாவிட்டால் தகுந்த இடத்தில் விட்டுக் கண்காணிப்பது. சென்னையில் கேப்டன் வி.சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே இந்த வழியைக் கையில் எடுத்தது. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை நிறுத்தி அதை ஏற்க 1996 ஆயிற்று. இதைக் காப்பகத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பியிடம் சொன்னேன். “நம்ம ஊர்லயாண்ணே?” என்று இரண்டு முறை கேட்டார். சுந்தரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும்.

சின்னிக்கு வருகிறேன். சுவரோரம் நிறுத்தினோம். அந்தச் சிறுமி முன்னால் உட்கார்ந்து இரண்டு காதுகளையும் மெல்லப் பிடித்துக்கொண்டாள். மேட்டின்மேல் மட்டப்பலகையை வைத்து, தரையிலிருந்து நாடாவை இழுத்தோம். 56. தம்பி நாடாவை என் கையிலிருந்து வாங்கி அவரே அளந்தார். 56. ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து மூன்றாவது முறை அளந்தார்.

“ஒரு சென்டிமீட்டர்ல என்னண்ணே இருக்கு?” என்று தம்பி என்னைக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சின்னி வாலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாதான் முதலில் எழுந்து வெளியே போனார்.

கோடு என்று ஒன்று எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. குறுகிய தாழ்வாரமும் பொது மின்தூக்கியும் உள்ள புளோக்கில் நாயைக் கண்டு அஞ்சும் அண்டைவீட்டாருக்கும் உரிமை உண்டு. ஆனால் சின்னியைப் போன்ற அமைதியான நாய் தாழ்வாரத்தில் யாருக்கும் தொல்லை தராது என்பதை எட்டு ஆண்டுகளாக அவளோடு நடந்தவனாக உறுதியாகச் சொல்வேன். சென்டிமீட்டரைப் போலவே குணத்தையும் அளக்க வேண்டும். பயிற்சியாளரின் சான்றுக்கு, வரம்பை ஒட்டி நிற்கும் நாய்களின் விஷயத்திலாவது, நாடாவைவிட அதிக மதிப்பு இருக்க வேண்டும். எடை வரம்பை நீக்கியவர்கள் இதையும் செய்ய முடியும்.

அதுவரை தரைவீட்டிலும் கொண்டோமினியத்திலும் இருக்கும் வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வீவக அளவு உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. காப்பகங்களுக்கு வரும்போது உயரமான நாய்களின் பக்கம் முதலில் வாருங்கள். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 வெள்ளிதான். சின்னிக்கு ஒன்பது வயது. குரைப்பது அபூர்வம், வலது காது மடிந்திருக்கும், செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்குவாள்.

மருந்து வேளை அடுத்த வாரம்.