நிலவறைக் கதவின் பிணைச்சல்

சுவிசுக்கு வந்த எம்மவரிற் பலர் முதல் இரவுகளைக் கழித்தது சிவில் பாதுகாப்பு நிலவறைகளிலேதான். கதவே இல்லாத பதுங்குகுழிகளை விட்டு வந்த நாம், அங்கிருந்த கொங்கிறீற் கதவைக் கண்டு, மூடினால் மீண்டும் திறக்குமோ என அஞ்சினோம். ஒரு கையால் தள்ளியதும் அது மெல்லத் திரும்பியது.

1 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் 20 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள கொங்கிறீற் கதவு ஏறத்தாழ 1000 கிலோ நிறை கொண்டிருக்கும். பாரம் ஒரு பக்கமாகத் தொங்குவதால் மேற்பிணைச்சல் சுவரிலிருந்து வெளியே இழுபடும். கீழ்ப்பிணைச்சல் உள்ளே அழுத்தப்படும். இரண்டுக்கும் இடைத்தூரம் 1.5 மீற்றராயின் அவ்விழுவிசை கதவின் நிறையில் மூன்றிலொன்று. இடைத்தூரத்தைப் பாதியாக்கினால் அது இருமடங்காகும். எமது ஊர்த் தச்சர் குடுமிக்கதவின் குடுமிகளை உச்சியிலும் அடியிலும் வைத்ததும் இக்கணக்குக்கு ஒத்ததே.

குண்டதிர்வைத் தாங்குவது பிணைச்சல் அன்று. கதவு வெளிப்புறமாகத் திறப்பதால், அதிர்வலை அதனை நிலையோடு சேர்த்தே அழுத்துகிறது.

லுசேர்ண் நகரின் சொன்னென்பேர்க் சுரங்கம் 1976இல் 20,000 பேருக்கான புகலிடமாகவும் அமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அதன் கதவுகள் 1.5 மீற்றர் தடிப்பும் 350 தொன் நிறையும் கொண்டவை. 1987இல் நடந்த ஒத்திகையின்போது அவற்றுள் ஒன்று சரிவர மூடவில்லை.