அழாத குழந்தையின் அச்சம்

சிறியதொரு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கிய, இரண்டரை வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தையை ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சலனப்படம் பிடித்து, 1952-இல் லண்டன் வைத்தியர்கள் முன் திரையிட்டபோது, அவர்களிற் பலர் கோபங்கொண்டனர். அக்குழந்தை பெரும்பாலும் அழவில்லை. கரடி பொம்மையை அணைத்துக்கொண்டு சமர்த்தாகவே இருந்தது. ஆயினும் விளையாட்டின் நடுவே சட்டென்று முகம் வாடி அம்மா எங்கே என்று கேட்டது. வீடு திரும்பும் நாளில் தாயின் கையைப் பற்ற மறுத்துவிட்டது.

ராபர்ட்ஸனுடன் பணியாற்றிய ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கையிலேயே, சிசுவுக்கு ஆகாரத்தைப் போல இடையறாத அன்பும் ஜீவாதாரமானது என்று வாதித்திருந்தார். ஆனால் மேனாட்டு ஆஸ்பத்திரிகள் பெற்றோரை இடையூறாகக் கருதி வாசலிலேயே நிறுத்திவைத்த காலம் அது. அத்தகைய காலத்தில், 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்குவதைச் சிகிச்சையின் அங்கமாகவே ஏற்றுக்கொண்டது, நம் தேசத்து வைத்திய சரித்திரத்தில் போற்றத்தக்க காரியமென்று நான் கருதுகிறேன். இன்றும் அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையுடன் பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிரேமா ஜான், சுசீலா ரஸ்ஸல், பால் ரஸ்ஸல் ஆகிய மூவரும் தமிழகக் கடலோரத்துச் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு நெஞ்சை உலுக்குவது. 70.7 சதவீதத்தினரிடம் பேரதிர்ச்சியின் மனவேதனை அப்போதே வெளிப்பட்டது, 10.9 சதவீதத்தினரிடமோ அது காலந்தாழ்த்தித் தலைகாட்டியது. பிள்ளை மறந்துவிட்டான் என்று பெரியவர்கள் ஆறுதலடைந்திருக்கும் சமயத்திலும் அச்சம் உள்ளே உறங்கிக் கிடக்கலாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமோ?

பேரலை என்றோ ஒருநாள் வருவது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பிரிவு என்பதோ, விடியற்காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ்ஸோடு தினந்தோறும் வருகிறது. ஷூ கம்பெனியில் ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் தாய் பொழுது சாய்ந்த பின்னரே திரும்புகிறாள். காரணம் தெரியாத வயிற்றுவலி, பள்ளிக்கூடம் என்றதும் வரும் வாந்தி, தூக்கத்தில் அலறல் ஆகியவை குழந்தையின் மனக்கலக்கத்துக்கு அடையாளங்களாகக் கூடும் என்பதை அறியாத வீடுகளில், 'பயந்துவிட்டது' என்று சொல்லி, மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் முன் குழந்தையை ஏந்தி ஓதிப்பார்க்க நிற்பார்கள், எம்மதத்தவராயினும். அந்த நம்பிக்கையை நான் பழிக்கமாட்டேன்; அந்நேரத்திலேனும் குழந்தை தாயின் தோளில் சாய்ந்திருக்கிறது. வலி தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடமும் காட்டவேண்டும்.

பிரிவினால் வரும் இக்கலக்கத்தைக் கொண்டு வேலைக்குப் போகும் தாயைக் குற்றஞ்சாட்டுவோருக்கு விஞ்ஞானம் துணைநிற்கவில்லை. கிளாஸ்கோ நகரில் 60 சிசுக்களைத் தொடர்ந்து கவனித்து ஷாஃபரும் எமர்ஸனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாயோடு தந்தை, பாட்டி முதலிய வேறு சிலரிடமும் உறுதியான பாசப்பிணைப்பை ஏற்படுத்திக்கொண்டிருந்தன. பார்த்துக்கொள்பவர் அன்புள்ளவராகவும் அடிக்கடி மாறாதவராகவும் இருப்பதே முக்கியம்.

ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையையும் அளித்தது. ஆகவே தோல் தொழில் அதிபர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: காப்பகத்து ஆயாவை மாதந்தோறும் மாற்றாதீர்கள்; அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள்; தாய் மெஷினைவிட்டு எழுந்து நான்கு முறையும் போய்வரட்டும், அதற்காகச் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.