மஞ்சள் விளக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம்!



கார் ஓட்டுறது ஆண்கள் சமாசாரம் என்ற பேச்செல்லாம் எங்க சித்தையன்கோட்டைப் பக்கம் குறைந்து வருகிறது. கணவர் வெளிநாட்டில், பிள்ளைகள் வெளியூரில் என்றால் சாவி நம்ம கைக்குத்தானே வரும்? என் அத்தைக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். செம்பட்டி வழியாக திண்டுக்கல்லுக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அதனால் வண்டி ஒருநாள் படுத்தாலும் எங்களுக்குப் பெரிய சங்கடம்.

போன மாதம், ஸ்டியரிங் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி லேசாக உதறியது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தை முன்பே புரட்டி வைத்திருந்ததால் பதறவில்லை. விளக்கு விடாமல் எரிந்தால் வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஓட்டிப்போய் சீக்கிரம் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால்தான் ஆபத்து. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அது சூடேறிப் பாழானால் செலவைத் தாங்க முடியாது. ஓரமாக நிறுத்திவிட வேண்டியதுதான். (அப்படி நிறுத்தும்போது சோளத்தட்டை, வைக்கோல் காய்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.)

எண்ணெய்க் கிண்ணி படமோ, சூடு காட்டும் படமோ சிவப்பாக எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் போன பட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டு, "சென்சார் எல்லாம் போச்சும்மா, 18,000 ரூபா ஆகும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்கள். "ஸ்கேனர் மாட்டிப் பார்த்தீங்களா அண்ணே? நம்பர் என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நம்பர்தான் விஷயமே! கார்புரேட்டர் காலத்து வண்டியில் காதால் கேட்டுத்தான் பழுது கண்டார்கள். இப்போது எஞ்சினுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. கோளாறு வந்தால் அது ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடும். இந்தச் சோதனை முறை அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். நம் நாட்டிலும் 2013 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களில் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொருகியில் ஸ்கேனரை மாட்டினால் எண் தெரியும்.

திண்டுக்கல்லில் வேறொரு மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். பி 0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அதன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் பி 0302 என்று எண் மாறிவிட்டது! காயில்தான் கெட்டது என்று நிச்சயமானது. காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாள் டயாலிசிஸுக்கு அதே வண்டியில்தான் போனோம்.

எண்ணை மட்டும் வைத்து சாமான் மாற்றுவதும் தப்பாம். அது எந்த இடத்தில் கோளாறு என்றுதான் சொல்லும், எது கெட்டது என்று மெக்கானிக்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சிலர் பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைத்துவிடுவார்கள். பழுது அப்படியே இருக்கும், குறிப்புதான் அழியும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிய வேண்டும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். திருப்பும்போது எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், இல்லை யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம். விலை பேசும் முன் கேளுங்கள்.

கார் இல்லாத தோழியரும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 ஸ்கூட்டர்களிலும் இதே மஞ்சள் விளக்கு இருக்கிறது. நாளைக் காலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பும்போது ஒரு கண் வைத்துப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, சித்தையன்கோட்டை.