கூரை தாங்கும் சுமை

நுழையும்முன்

ஒரு பொருளின் பயன் கண்ணுக்குப் புலப்படும் அளவோடு முடிந்துவிடுவதில்லை. மகிழுந்தின் கூரை மழையையும் வெயிலையும் தடுப்பதற்கென்றே அமைந்தது என எண்ணுவது இயல்பு. அக்கூரையை அகற்ற முனையும்போதுதான், அது அதுவரை தாங்கிநின்ற சுமை தெரியவருகிறது. கூரையுடைய பழைய மகிழுந்தைத் திறந்த மகிழுந்தாக மாற்றும் நுட்பத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டகமும் உடலும்

தொடக்ககால மகிழுந்துகள் பெரும்பாலும் திறந்தவையே. ஏணி போன்ற வலிய இரும்புச் சட்டகம் அடியில் நின்று எல்லாச் சுமைகளையும் தாங்கியது. குதிரைவண்டி செய்து பழகிய கைவினைஞர்கள் அதன்மேல் மரத்தாலும் தகட்டாலும் ஆன உடலைப் பொருத்தினர். அவ்வகை ஊர்தியில் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டகத்தின் வலிமை பெரிதும் மாறவில்லை.

பிற்காலத்தில் எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, ஒன்றோடொன்று பற்றவைத்து உடலை உருவாக்கும் முறை பரவியது. தனிச்சட்டகம் மறைந்து, உடலே சட்டகமாயிற்று. தளம், தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. எடை குறைந்தது, வலிமை கூடியது. ஆனால், கூரையை வெட்டி எடுப்பது எளிதன்று என்னும் நிலையும் அப்போதே உருவானது.

தாள்குழல் கூறும் உண்மை

இதை ஓர் எளிய சோதனையால் உணரலாம். தடித்த தாளொன்றைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை நன்கு ஒட்டவேண்டும். இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்கினால், குழல் எளிதில் இணங்குவதில்லை. அதே குழலை நெடுக ஒருமுறை கத்தரித்துவிட்டு மீண்டும் முறுக்கினால், சிறிதும் எதிர்ப்பின்றித் திரும்புகிறது. தாளின் அளவு குறையவில்லை. மூடிய வடிவம் மட்டுமே திறந்த வடிவமாயிற்று.

கூரையுள்ள மகிழுந்து மூடிய குழலை ஒத்தது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முழுவதும் முறுக்கப்படுகிறது. கூரை இருந்தால் அம்முறுக்கு எல்லாப் பகுதிகளுக்கும் பகிரப்படும். கூரையின்றேல் முன்கண்ணாடியும் திசைமாற்றியும் நடுங்கும். கதவிடுக்குகள் விரியும், சுருங்கும். மூடிய கதவு திறக்க மறுக்கும். உடல் நடுவில் தொய்வதும் உண்டு. இவை வசதிக்குறைவுகள் மட்டுமல்ல; மோதல் நேரும்போது உயிரைக் காப்பதும் இழப்பதும் இவற்றைப் பொறுத்தவையே.

வண்டுக்கு வலுச்சேர்த்த கார்மன்

செருமனி நாட்டின் ஓசனாபுரூக் நகரில் இயங்கிய கார்மன் நிறுவனம் இந்நுட்பத்துக்குச் சிறந்த சான்று. 'வண்டு' எனச் செல்லமாக அழைக்கப்பட்ட வோக்ஸ்வாகன் மகிழுந்தை நான்குபேர் அமரும் திறந்த மகிழுந்தாக அது வடிவமைத்தது. 1949ஆம் ஆண்டு 1,000 ஊர்திகளுக்கு வோக்ஸ்வாகன் ஆணை வழங்கியது. தயாரிப்பு 1980வரை நீடித்தது. 3,30,000க்கும் மேற்பட்ட ஊர்திகள் உருவாயின.

வண்டுக்கு நடுவே முதுகெலும்பு போன்ற குழலுடைய தளச்சட்டகம் உண்டு. எனினும், அதன்மேல் திருகி இறுக்கப்பட்ட கூரையுடலும் ஊர்தியின் விறைப்பில் பெரும்பங்கு வகித்தது. ஆகவே, கூரையை நீக்கிய கார்மன், கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் பகுதியிலும் கதவுத்தூண்களிலும் கூடுதல் எஃகு உறுப்புகளைப் பற்றவைத்தது. இதனால் கூரை நீங்கிய ஊர்தி, கூரையுள்ள ஊர்தியைவிட எடைமிக்கதாயிற்று. மேலே இழந்த வலிமையைக் கீழே ஈடுசெய்யவேண்டும் என்பதே இதன் பொருள்.

வெட்டுமுன் வலுவூட்டல்

பழைய ஊர்தியொன்றை மாற்ற முனையும் பட்டறையில் வேலைகளின் வரிசையே முதன்மையானது. முதலில், தளத்திலும் கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியிலும் துரு உள்ளதா என ஆராய்வர். துருவேறிய தகட்டின்மீது பற்றவைக்கும் எந்த உறுப்பும் வலுத்தராது. அடுத்து, உடலைச் சமமட்டத்தில் நிறுத்தி, கதவு வாயில்களின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பற்றவைப்பர். பின்னரே கீழ்ப்பகுதிக்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் வலுவூட்டி, தளத்தின் குறுக்கே எஃகு உறுப்புகளை இணைப்பர். இவையெல்லாம் முடிந்தபின்னரே கூரையில் வாள் படும்.

இவ்வரிசை மாறினால், வெட்டிய கணத்திலேயே உடல் சற்றுத் தொய்யும். தொய்ந்த நிலையில் பற்றவைத்தால் அக்கோணல் நிலைத்துவிடும். இருக்கைவாரின் மேல்முனை நடுத்தூணில் பொருத்தப்பட்டிருந்தால், தூணை வெட்டுமுன் அதற்கு வலிய மாற்றிடமும் அமைக்கவேண்டும்.

மடங்கும் கூரை

எஃகுக் கூரைக்கு மாற்றாக வருவது துணிக்கூரை. வளைந்த குறுக்குச் சட்டங்கள் பல, கீல்களால் இணைக்கப்பட்டு, குடைக்கம்பிகளைப்போல் விரிந்து மடங்குகின்றன. அவற்றின்மேல் நீர்புகாத் துணி இழுத்துக் கட்டப்படுகிறது. அதன் முன்விளிம்பு முன்கண்ணாடியின் மேற்சட்டத்தில் கொக்கிகளால் இறுகுகிறது. கதவுக் கண்ணாடிகளின் விளிம்பில் இரப்பர்ப் பட்டைகள் காற்றையும் நீரையும் தடுக்கின்றன. மடித்த கூரைக்கும் இடம் வேண்டும். கார்மன் வண்டில் அது பின்னிருக்கைக்குப் பின்னே உயர்ந்து நின்று, ஓட்டுநரின் பின்பார்வையை ஓரளவு மறைத்தது.

மீளாத வெட்டு

இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய 'டேடோனா' மகிழுந்து 1,200க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் மூடிய வடிவில் வெளிவந்தது. 'ஸ்பைடர்' எனப்பட்ட திறந்த வடிவம் ஏறத்தாழ 120 மட்டுமே உருவானது. அரியதன் விலை உயர்ந்தது. அதனைக் கண்ட சிலர், தம்மிடமிருந்த மூடிய டேடோனாக்களின் கூரையை வெட்டித் திறந்த ஊர்திகளாக மாற்றினர். அவற்றுள் நேர்த்தியாகச் செய்யப்பட்டவையும் உண்டு. ஆயினும், தொழிற்சாலையிலேயே திறந்த வடிவில் பிறந்த ஊர்திக்குரிய மதிப்பு அவற்றுக்குக் கிட்டவில்லை. மூடிய வடிவின் முதன்மைத் தன்மையையும் அவை இழந்துவிட்டன.

பழுதான இயந்திரத்தை மாற்றலாம். மங்கிய வண்ணத்தை மீண்டும் பூசலாம். வெட்டிய கூரையைப் பழைய நிலைக்குக் கொணர்வது அரிது. ஆதலால், தேர்ந்த கைவினைஞர் வாளை எடுக்குமுன் இரண்டை உறுதிசெய்துகொள்வர்: கூரை தாங்கிய சுமையை ஏற்க மாற்றுறுப்பு அமைந்துவிட்டதா என்பது ஒன்று, வெட்டப்போகும் ஊர்தி எண்ணிக்கையில் அருகிவிட்ட ஒன்றா என்பது மற்றொன்று.